ஹெலிக்கலா, நேர்க்கம்பியா? செங்குத்து ஆன்டெனா பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெச்சூர் ரேடியோவுக்குப் புதிதாக வருபவர்கள் என்னிடம் கேட்பதில் பாதி ஆன்டெனா பற்றித்தான். அதிலும் பாதி, "நீளமான கம்பிக்கு இடமில்லை, சுருட்டிய ஹெலிக்கல் போதுமா?" என்பதுதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போனதால் மொத்தமாக எழுதி வைக்கிறேன். கொஞ்சம் கணக்கு வரும். கூட்டலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

நேர்க்கம்பி என்றால் எது, ஹெலிக்கல் என்றால் எது?

நேர்க்கம்பி என்று இங்கே நான் சொல்வது கால் அலைநீளத்துக்கு நிமிர்ந்து நிற்கும் உலோகக் கம்பி அல்லது குழாயை. 75-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் கால் அலைநீளம் மீட்டரில் கிடைக்கும். நிஜக் கம்பி அதைவிடச் சுமார் 5 சதவீதம் குட்டையாக இருக்கும்போதே ஒத்திசைந்துவிடும். 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு ஏறத்தாழ 10 மீட்டர், 14.2-க்கு 5 மீட்டர், 145-க்கு அரை மீட்டர்.

ஹெலிக்கல் என்பது குட்டையான ஒரு காப்புத் தண்டின் மேல், அடி முதல் நுனி வரை ஸ்பிரிங் மாதிரி கம்பியைச் சுற்றியது. கையடக்க ரேடியோவில் கறுப்பு ரப்பர் உறைக்குள் இருக்கும் 'ரப்பர் டக்' இந்த வகைதான். வண்டியில் மாட்டும் ஃபைபர் விப்களில் (வளைந்துகொடுக்கும் குச்சி ஆன்டெனாக்களில்) பலவும் இப்படித்தான்.

கம்பியின் மொத்த நீளம் கால் அலைநீளத்துக்குக் குறையாமல் இருக்கிறதே. சுருட்டினால் என்ன குறைந்துவிடும்?

இந்த எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். மீதியெல்லாம் தானாகப் புரியும்.

அலையை வெளியே தள்ளுவது கம்பியின் மொத்த நீளம் அல்ல. மின்னோட்டம் எவ்வளவு உயரத்துக்கு மேலே ஏறுகிறது என்பதுதான் கணக்கு. ஒரு சுற்றில் மின்னோட்டம் கிழக்கே போகிறது, அரைச் சுற்று கழித்து மேற்கே திரும்புகிறது. இந்த இரண்டும் தூரத்தில் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. சுற்றுக்குச் சுற்று மேலே ஏறும் அந்தச் சில மில்லிமீட்டர்தான் மிஞ்சுகிறது. எல்லாவற்றையும் கூட்டினால் தண்டின் உயரம் வரும், அவ்வளவே. 21 மீட்டர் கம்பியை 2.4 மீட்டர் தண்டில் சுற்றினால் உங்கள் கையில் இருப்பது 2.4 மீட்டர் ஆன்டெனா.

அப்படியென்றால் சுற்றுவது எதற்கு? ஒத்திசைவுக்காக. குட்டைக் கம்பி அடிமுனையில் ஒரு கெபாசிட்டர் போல நடந்துகொள்ளும்; ரேடியோ தரும் சக்தியை வாங்காமல் திருப்பி அனுப்பும். சுற்றுகள் தரும் இண்டக்டன்ஸ் அதைச் சரிக்கட்டுகிறது. சுற்றிய கம்பிக்கு இந்த உதவி வேலைதான். அலையை அனுப்பும் வேலை உயரத்தைப் பொறுத்தது.

சரி, நேர்க்கம்பிக்கும் ஹெலிக்கலுக்கும் எத்தனை டெசிபல் வித்தியாசம்?

டெசிபல் என்பது இரண்டு சக்திகளின் விகிதத்தைச் சொல்லும் அலகு. எல்லாருக்கும் பொருந்துகிற ஒரே எண் கிடையாது. ஒரு உதாரணத்தை முழுசாகப் போட்டுப் பார்க்கலாம்.

40 மீட்டர் பேண்ட், 7.1 மெகாஹெர்ட்ஸ், 100 வாட். ஆன்டெனாவின் அடியில் ரேடியோ பார்க்கும் தடையில் மூன்று பங்கு உண்டு. முதலாவது கதிர்வீச்சுத் தடை. இது நல்ல தடை. இதில் செலவாகும் சக்திதான் அலையாகப் போகிறது. இரண்டாவது சுற்றிய கம்பியின் தடை. மூன்றாவது தரையின் இழப்பு. பின்னவை இரண்டிலும் போவதெல்லாம் சூடு.

10 மீட்டர் நேர்க்கம்பிக்குக் கதிர்வீச்சுத் தடை சுமார் 36 ஓம். கம்பியின் சொந்த இழப்பு கணக்கில் எடுக்க வேண்டியதே இல்லை. ரேடியல்கள் (ஆன்டெனாவின் அடியிலிருந்து தரையில் சுற்றிலும் விரிக்கும் கம்பிகள்) சுமாராகப் போட்ட தரைக்கு 10 ஓம் இழப்பு என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 46. அதில் 36 பங்கு அலையாகிறது. அதாவது 100 வாட்டில் 78 வாட்.

இப்போது 2.4 மீட்டர் ஹெலிக்கல். சீராகச் சுற்றியதற்குக் கதிர்வீச்சுத் தடை சுமாராக இப்படி வரும்: உயரத்தை அலைநீளத்தால் வகுத்து, வந்ததை அதே எண்ணால் பெருக்கி, பிறகு 640-ஆல் பெருக்க வேண்டும். 2.4-ஐ 42.25-ஆல் வகுத்தால் 0.057. கடைசியில் தேறுவது 2 ஓம். 1 மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் 21 மீட்டர் சுற்றினால், மின்னோட்டம் கம்பியின் மேல்தோலில் மட்டும் ஓடுவதையும் பக்கத்துச் சுற்றுகள் அதை நெருக்குவதையும் சேர்த்து 4 ஓம் என்று வைக்கலாம். தரை அதே 10. மொத்தம் 16. அதில் 2 பங்குதான் அலை. 100 வாட்டில் 12.5 வாட்.

78-க்கு எதிராக 12.5 என்பது 8 டெசிபல். ஒரு எஸ் யூனிட் (ரேடியோவின் சிக்னல் மீட்டரில் ஒரு படி) 6 டெசிபல் என்று எடுத்தால் ஒன்றேகால் யூனிட்டுக்குச் சற்று மேல். தரையை 2 ஓமுக்குக் கொண்டுவந்தால் ஹெலிக்கல் 25 வாட்டை அனுப்பும், நேர்க்கம்பி 95 வாட். வித்தியாசம் 6 டெசிபலுக்கு இறங்குகிறது. தரை மோசமாக மோசமாக அடி வாங்குவது ஹெலிக்கல்தான் என்பது இதிலேயே தெரியும்.

"கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது" என்பது ஆன்டெனாவுக்குப் பொருந்தாதா?

ஒரு வகையில் பொருந்தும். இழப்பே இல்லாத உலகத்தில், விரலளவு செங்குத்து ஆன்டெனா கூடக் கால் அலைக் கம்பியைவிட அரை டெசிபல்கூடப் பின்தங்காது. சரியாகச் சொன்னால் 0.4 டெசிபல். குட்டையாக இருப்பதே குற்றமில்லை. குட்டையானால் கதிர்வீச்சுத் தடை 2 ஓம், 1 ஓம் என்று இறங்கிவிடுகிறது. அதற்குப் பக்கத்தில் சாதாரண இழப்புகளெல்லாம் பூதமாகத் தெரிகின்றன. சிக்கல் அங்கேதான்.

சிறிய ஆன்டெனாவின் எல்லைகளை 1947-இல் ஹரால்ட் வீலரும் 1948-இல் எல்.ஜே. சூவும் கணக்கில் போட்டுக் காட்டிவிட்டார்கள். சிறிய அளவு, அகலமான பேண்ட், நல்ல திறன் மூன்றும் ஒருசேரக் கிடைக்காது. "புதிய தத்துவம்" என்று சொல்லிக் குட்டை ஆன்டெனா விற்கும் விளம்பரத்தைப் பார்த்தால், இந்த மூன்றில் எதை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள் என்று தேடுங்கள். அது விளம்பரத்தில் எழுதப்படாமல் இருக்கும்.

என் ஹெலிக்கலில் எஸ்.டபிள்யூ.ஆர். 1:1 வருகிறது. பிறகு என்ன கவலை?

அதுதான் கவலை.

எஸ்.டபிள்யூ.ஆர். என்பது ஆன்டெனா கேபிளோடு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் எண்; 1:1 என்றால் முழுப் பொருத்தம். மேலே போட்ட கணக்கில் ஹெலிக்கலின் மொத்தத் தடை 16 ஓம். 50 ஓம் கேபிளுக்கு அது 3:1. பார்த்தாலே முகம் சுளிக்கும் எண். இப்போது ரேடியல்களையெல்லாம் பிடுங்கி எறியுங்கள். தரையின் இழப்பு 10-லிருந்து 44 ஓமுக்கு ஏறுகிறது என்று வையுங்கள். 2, 4, 44, கூட்டினால் 50. எஸ்.டபிள்யூ.ஆர். 1:1. மீட்டர் முள் அசையாது. 100 வாட்டில் வெளியே போவது 4 வாட்! அதே பாழான தரையில் நேர்க்கம்பி 80 ஓம் காட்டும், எஸ்.டபிள்யூ.ஆர். 1.6. ஆனால் 45 வாட்டை அனுப்பிக்கொண்டிருக்கும். மீட்டரை மட்டும் நம்புகிறவர் இரண்டில் எதைத் தேர்ந்தெடுப்பார்?

நானே தேர்ந்தெடுத்தேன். முதன்முதலில் பிளாஸ்டிக் குழாயில் 40 மீட்டருக்குச் சுற்றிய ஹெலிக்கலை ரேடியல்களுக்குப் பதிலாக ஒரே ஒரு சின்ன எதிர்க்கம்பியோடு நிறுத்தினேன். 1.1 வந்தது. வெட்டிச் சீர்செய்யக்கூட வேண்டியிருக்கவில்லை. கைராசி என்று நினைத்துக்கொண்டேன். ஒரு வாரம் கூப்பிட்டும் ஒரு பதில் இல்லை. பிறகு எட்டு ரேடியல்களை விரித்தேன். எஸ்.டபிள்யூ.ஆர். 2-க்கு மேலே போனது, அன்று மாலையே பதில்கள் வந்தன. ரேடியல் சேர்க்கச் சேர்க்க எஸ்.டபிள்யூ.ஆர். கெடுகிறது என்றால் சந்தோஷப்படுங்கள்: இழப்பு குறைகிறது என்று பொருள். அப்புறம் அடிமுனையில் தரைக்கு ஒரு சிறு காயில் போட்டு 50 ஓமுக்குப் பொருத்திக்கொள்ளலாம். ஆன்டெனாவைக் கொஞ்சம் குட்டையாக வெட்டிவிட்டு அந்தக் காயிலைச் சேர்த்தால் பொருத்தம் எளிதாக அமையும்.

போலி லோடு எனப்படும் 50 ஓம் தடைக்கும் 1:1 தான். அதை வைத்து யாரும் பேசுவதில்லை.

எல்லாரையும் கேட்க முடிகிறது. நான் கூப்பிட்டால் யாருக்கும் கேட்பதில்லை. ரேடியோ பழுதா?

பெரும்பாலும் ரேடியோ நன்றாகத்தான் இருக்கும். 7 மெகாஹெர்ட்ஸ் மாதிரியான கீழ் பேண்டுகளில் வானத்து இரைச்சலும் மனிதர் போடும் மின்சார இரைச்சலும் ரிசீவரின் சொந்த இரைச்சலைவிட மிக அதிகம். திறனில்லாத ஆன்டெனா சிக்னலையும் இரைச்சலையும் சேர்த்தே குறைக்கிறது. இரண்டுக்குமான விகிதம் மாறுவதில்லை. ஒலியைக் கொஞ்சம் கூட்டிவைத்தால் ஒன்றும் தெரியாது. அனுப்பும்போது அப்படி இல்லை. நீங்கள் அனுப்பும் 12 வாட், எதிர்ப்பக்கத்தில் உங்கள் ஆன்டெனாவோடு சம்பந்தமே இல்லாத இரைச்சலோடு மோத வேண்டும்.

வி.எச்.எஃப்., யு.எச்.எஃப். (145, 435 மெகாஹெர்ட்ஸ் போன்ற மேல் பேண்டுகள்) பக்கம் போனால் இந்தச் சலுகை கிடையாது. அங்கே வெளி இரைச்சல் குறைவு, ஆகவே ஆன்டெனாவின் இழப்பு கேட்பதிலும் தெரியும்.

ஹெலிக்கல் தாழ்வான கோணத்தில் வீசுகிறது, அதனால் தூரம் போகும் என்கிறார்களே?

இல்லை. குட்டையோ நெட்டையோ, கால் அலைக்குள் இருக்கும் செங்குத்து ஆன்டெனாக்களின் வீச்சு வடிவம் கிட்டத்தட்ட ஒன்றுதான். தாழ்கோணத்தைத் தீர்மானிப்பது சுற்றிலும் உள்ள நிலம். உப்புநீர் அருகில் இருந்தால் இரண்டுமே பறக்கும்.

கையடக்க ரேடியோவின் ரப்பர் டக்கைக் கழற்றிவிட்டு நீளமான விப் போடலாமா?

145 மெகாஹெர்ட்ஸில் போடலாம், கேட்டதும் வித்தியாசம் தெரியும். கால் அலை அரை மீட்டர், ரப்பர் டக் பெரும்பாலும் 15 சென்டிமீட்டர். மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. 435 மெகாஹெர்ட்ஸில் கால் அலை 17 சென்டிமீட்டர்தான், அங்கே அதே 15 சென்டிமீட்டர் குச்சி ஏறக்குறைய முழு நீளம். ஆகவே இரட்டை பேண்ட் ரேடியோவில் நீள விப்பின் லாபம் முக்கியமாகக் கீழ் பேண்டில்தான்.

ஆனால் பலர் மறந்துவிடும் ஒன்று உண்டு. ஆன்டெனாவின் இன்னொரு பாதி ரேடியோவின் உடலும் அதைப் பிடித்திருக்கும் உங்கள் கையும். 145-க்கு அந்த உடல் மிகச் சிறியது. ஆன்டெனா இணைப்பின் வெளி உலோகத்தில் சுமார் 48 சென்டிமீட்டர் மெல்லிய கம்பியைக் கட்டித் தொங்கவிட்டுப் பாருங்கள். 'புலிவால்' என்று கூப்பிடுவார்கள். ஆன்டெனாவை மாற்றாமலே ரிப்பீட்டர் (சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் நிலையம்) தெளிவாகத் திறக்கும். ரேடியோவை இடுப்பில் மாட்டிக்கொண்டு பேசுவது ரப்பர் டக்கைவிடப் பெரிய பாவம்; உடம்பு அப்படியே சக்தியை உறிஞ்சிக்கொள்ளும்.

சட்டைப்பைக்குள் வளைந்து, கீழே விழுந்தும் உடையாத ஆன்டெனா வேண்டுமென்றால் ரப்பர் டக்தான். நானும் நடைப்பயிற்சிக்கு அதையேதான் எடுத்துப் போகிறேன்.

எந்த உயரம் வரை ஹெலிக்கல் பரவாயில்லை?

என் கை அளவுகோல்: முழு நீளத்தில் பாதி. 40 மீட்டருக்கு 5 மீட்டர் ஹெலிக்கல் வைத்தால் கதிர்வீச்சுத் தடை 9 ஓம். சுற்றும் கம்பி குறைவதால் அதன் இழப்பு 2 ஓம் என்றும், தரை அதே 10 என்றும் வைத்தால் 21-இல் 9. அதாவது 43 வாட். 78-ஓடு ஒப்பிட்டால் 2.6 டெசிபல்தான் நஷ்டம். ஒரு எஸ் யூனிட்டில் பாதிகூட இல்லை. கால் பங்கு உயரத்துக்கு இறங்கினால் 8 டெசிபல். ஆக, பாதி வரை மெதுவாக இறங்குவது அதற்குக் கீழே செங்குத்தாக விழுகிறது.

27 மெகாஹெர்ட்ஸில் வண்டிகளில் மாட்டும் 1.3 மீட்டர் ஹெலிக்கல் இந்தப் பாதிக் கணக்கில் வருகிறது. முழு நேர்க்கம்பி 2.6 மீட்டர். அதனால்தான் அங்கே ஹெலிக்கலைப் பற்றிப் பெரிதாக யாரும் குறை சொல்வதில்லை. அதே 1.3 மீட்டரை 80 மீட்டர் பேண்டுக்குச் சுற்றினால் கதை வேறு: கிடைப்பது சூடேறும் குச்சி.

ரேடியல்கள் எத்தனை போட வேண்டும்?

1937-இல் பிரவுன், லூயிஸ், எப்ஸ்டீன் என்ற மூன்று பொறியாளர்கள் நிலத்தில் 2 முதல் 113 வரை ரேடியல்களைப் புதைத்து அளந்து பார்த்தார்கள். ஒலிபரப்புக் கோபுரங்களுக்கு 120 ரேடியல் என்ற வழக்கம் அந்த வேலையிலிருந்து வந்தது. அதிலிருந்து நமக்கு உதவுவது வேறொன்று: ரேடியல் நாலைந்துதான் என்றால் அவற்றை நீட்டிக்கொண்டே போவதில் பயனில்லை. கையில் இருக்கும் கம்பியைப் பல துண்டாக வெட்டி நிறையக் கால்களாக விரியுங்கள்.

குட்டை ஆன்டெனாவின் தரை மின்னோட்டம் ஆன்டெனாவுக்குப் பக்கத்திலேயே குவிந்திருக்கும். 2.4 மீட்டர் ஹெலிக்கலுக்கு 3 மீட்டரில் 30 ரேடியல் போடலாம். 20 மீட்டரில் நாலு போடுவதைவிட அது மேல். நேர்க்கம்பிக்கு ரேடியல் இல்லையென்றால் பாதி சக்தி போகும். ஹெலிக்கலுக்கு ரேடியல் இல்லையென்றால் எல்லாமே போகும்.

அதே குட்டை உயரம்தான். ஹெலிக்கல் சுற்றுவதா, நேர்க்கம்பியில் ஒரு நல்ல காயில் வைப்பதா?

என் ஓட்டு காயிலுக்கு, அதுவும் நடுவிலோ நடுவுக்கு மேலோ வைத்ததற்கு. நீளமான, ஒல்லியான காயில் தரமான காயில் அல்ல. விட்டமும் நீளமும் ஏறத்தாழ ஒத்திருக்கும் தடித்த காயிலில் அதே இண்டக்டன்ஸுக்கு இழப்பு குறைவு. ஹெலிக்கல் ஆன்டெனாவோ ஒல்லிக் காயிலுக்கு உச்சபட்ச உதாரணம்.

ஆனால் காயிலை அடியில் வைத்தால் ஹெலிக்கல் முந்தும். அடியில் காயில் வைத்த குட்டைக் கம்பியில் மின்னோட்டம் அடியிலிருந்து நுனி வரை முக்கோணமாகச் சரிந்துகொண்டே போகும். சராசரி பாதிதான். சீராகச் சுற்றிய ஹெலிக்கலில் சராசரி 64 சதவீதம் வரை நிற்கும். கதிர்வீச்சுத் தடை இந்தச் சராசரியின் இருபடியாகப் போவதால், ஹெலிக்கலுக்கு ஒன்றரை மடங்குக்கு மேல் கிடைக்கிறது.

இரண்டையும் மிஞ்சுவது தலைப்பாகை: உச்சியில் குடைக்கம்பி மாதிரி நாலைந்து கம்பிகளை விரித்துவைப்பது. நுனியிலும் மின்னோட்டம் குறையாமல் நிற்கும். அடிக்காயில் கம்பியோடு ஒப்பிட்டால் கதிர்வீச்சுத் தடை நாலு மடங்கு வரை ஏறலாம். ஹெலிக்கலின் உச்சியிலும் இதை மாட்டலாம். சுற்றுகளையும் குறைத்துக்கொள்ளலாம், அதோடு கம்பி இழப்பும் குறையும். காற்றில் ஆடும் என்பதுதான் இதில் ஒரே தொல்லை.

கடையில் வாங்கிய ஹெலிக்கல் விப்பில் அடியில் அகலமாகவும் மேலே நெருக்கமாகவும் சுற்றியிருக்கிறார்கள். தவறா?

வேண்டுமென்றே செய்தது. மின்னோட்டம் அதிகம் ஓடும் கீழ்ப்பகுதியைக் கிட்டத்தட்ட நேர்க்கம்பியாக விட்டுவிட்டு, இண்டக்டன்ஸை மேலே தள்ளியிருக்கிறார்கள். மேல்காயில் வைப்பதன் லாபத்தில் ஒரு பங்கு இப்படிக் கிடைக்கிறது. சொந்தமாகச் சுற்றும்போது நீங்களும் செய்யலாம்.

ஹெலிக்கல் என்றால் வட்ட முனைவாக்கம் (அலையின் மின்புலம் சுழன்றுகொண்டே போவது), அதிக கெயின் (ஒரு திசையில் குவித்து வீசுவது) என்று படித்தேனே?

அது வேறு ஹெலிக்ஸ். 1946-இல் ஜான் கிராஸ் கண்டுபிடித்தது. சுற்றின் சுற்றளவு ஏறத்தாழ ஓர் அலைநீளம் இருக்கும். அது ஸ்பிரிங்கின் அச்சு வழியாக, டார்ச் மாதிரி முன்பக்கம் வீசும். செயற்கைக்கோள் வேலைகளுக்குப் பயன்படுவது அது. நம் ஹெலிக்கலில் சுற்றளவு அலைநீளத்துக்கு முன் ஒன்றுமே இல்லை, வீச்சும் பக்கவாட்டில். பெயர் ஒன்று என்பதைத் தவிர உறவு குறைவு.

நம் ஹெலிக்கலில் வட்ட முனைவாக்கம் கொஞ்சமாவது வருமா என்று கேட்டால், 25 மில்லிமீட்டர் குழாயில் 265 சுற்றாக 9 மில்லிமீட்டர் இடைவெளியில் சுற்றிய அந்த 40 மீட்டர் ஆன்டெனாவுக்கு நான் கணக்குப் போட்டேன். கிடைமட்ட அலையின் வலிமை செங்குத்து அலையில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை.

பேண்ட் அகலம் எப்படி?

7.0 முதல் 7.2 வரை நேர்க்கம்பி கவலையில்லாமல் போகும். நன்றாகச் செய்த 2.4 மீட்டர் ஹெலிக்கல் சில பத்து கிலோஹெர்ட்ஸுக்குள் முடிந்துவிடும். அதற்கு வெளியே டியூனர் (ஆன்டெனாவை ரேடியோவுக்குப் பொருத்தும் பெட்டி) வேண்டும். இவ்வளவு குட்டையான ஹெலிக்கல் பேண்ட் முழுக்கத் தட்டையாக 1.5 காட்டுகிறது என்றால் எங்கோ ஒரு தடை சக்தியைத் தின்றுகொண்டிருக்கிறது.

என்னிடம் இரண்டும் இருக்கின்றன. நேர்மையாக ஒப்பிடுவது எப்படி?

இன்று ஒன்றைப் போட்டு, நாளை மற்றொன்றைப் போட்டுப் பார்ப்பதில் ஒன்றும் தெரியாது. வானலை ஒரே நிமிடத்தில் 10 டெசிபல் ஏறி இறங்கும். இரண்டுக்கும் தனித்தனி கேபிள் இழுத்து, சுவிட்ச் போட்டு நொடிக்கு நொடி மாற்றிப் பாருங்கள். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் நடாதீர்கள். ஒன்றின் சக்தியை மற்றொன்று பிடித்துக்கொள்ளும்; மெலிந்த ஹெலிக்கல், பக்கத்தில் நிற்கும் நேர்க்கம்பியின் தயவில் நன்றாக வேலை செய்வது போல நடிக்கும்.

கேட்டு ஒப்பிடாதீர்கள், காரணம் மேலே சொன்னதுதான். அனுப்பித்தான் ஒப்பிட வேண்டும். டபிள்யூ.எஸ்.பி.ஆர். (குறைந்த சக்தியில் அனுப்பும் சிக்னலை எந்தெந்த நிலையங்கள் எவ்வளவு வலிமையில் கேட்டன என்று இணையத்தில் பதியும் முறை) இதற்கு அருமையான வழி: இரண்டு நிமிட இடைவெளிகளில் ஒரு தடவை இது, ஒரு தடவை அது என்று மாற்றி மாற்றி அனுப்பி, அதே நிலையங்கள் தரும் எண்களை இரண்டு மூன்று நாள் சேர்த்துச் சராசரி எடுங்கள். எதிராளி சொல்லும் "5, 9" (தெளிவு 5, வலிமை 9 என்ற சிக்னல் மதிப்பெண்) மரியாதைக்குச் சொல்வது. எஸ் மீட்டரும் பல ரேடியோக்களில் யூனிட்டுக்கு 6 டெசிபல் என்ற கணக்கில் ஓடுவதில்லை.

சொந்தமாகச் சுற்றினேன். எங்கே, எப்போது வெட்டிச் சீர்செய்வது?

தொடக்கத்துக்கு அரை அலைநீளக் கம்பி என்பது பழைய கை அளவு. அதற்குமேல் ஒரு மீட்டர் கூடுதலாகவே சுற்றுங்கள். எல்லா ரேடியல்களையும் விரித்து, ஆன்டெனாவை நிற்கப்போகும் இடத்திலேயே நிறுத்தி அளந்து, நுனியிலிருந்து ஒவ்வொரு சுற்றாக எடுங்கள். ஒரே சுற்றில் பல கிலோஹெர்ட்ஸ் நகரும், பதறாதீர்கள். கடைசியில் உச்சியில் ஒரு 20 சென்டிமீட்டர் நேர்க்கம்பியை மாட்டி அதை ஏற்றி இறக்கிச் சீர்செய்வது இன்னும் வசதி. சக்தி போகும்போது நுனியைத் தொடாதீர்கள். 100 வாட்டில் அங்கே சில ஆயிரம் வோல்ட் நிற்கும். என்னுடைய முதல் ஹெலிக்கலின் உச்சியில் ஒட்டியிருந்த இன்சுலேஷன் டேப் அப்படித்தான் உருகி வழிந்தது.

மேலே வெப்பச் சுருக்க உறை போடுவதாக இருந்தால், போட்டுவிட்டு அளந்து வெட்டுங்கள். உறை போட்டதும் ஒத்திசைவு கீழே இறங்கும். முன்பே அழகாக வெட்டிச் சீர்செய்து, பிறகு உறையைப் போட்டு, 7.1-இல் இருந்ததைப் பேண்டுக்குக் கீழே தள்ளிய ஆள் நான். உறையைக் கிழித்து இரண்டு சுற்று எடுக்க வேண்டியதாயிற்று. உறையே போடாமல் விட்டால் மழைநீர் அதே வேலையைச் செய்யும். காய்ந்ததும் பழைய இடத்துக்கு வந்துவிடும்.